கோடம்பாக்கம் டு கும்மிடிப்பூண்டி... ஏ.ஆர்.ரஹ்மானின் சொந்த ஸ்டுடியோக்கள் சொல்லும் கதை!

மூர் மார்க்கெட்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினா, கொருக்குப்பேட்டை தாண்டுறதுக்குள்ளேயே பாதிப் பேர் காதுல இயர்போன் ஏறியிருக்கும். மீஞ்சூர்ல இறங்குறவங்க, பொன்னேரி காலேஜ் பசங்க, சிப்காட் ஷிஃப்ட்டுக்குப் போறவங்க... அதுல யாராவது ஒருத்தர் போன்லயாவது ஏ.ஆர்.ரஹ்மான் ஓடிக்கிட்டிருக்கும். அந்த ரயில் கடைசியா போய் நிக்கிற ஊருக்குப் பக்கத்துலதான் ரஹ்மானோட சொந்த ஃபிலிம் சிட்டி இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?

ரஹ்மானைப் பத்திப் பேச ஆரம்பிச்சா ரோஜா, ஆஸ்கர்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவோம். பாட்டுகளைப் பிரிச்சு மேய ஆயிரம் யூடியூப் சேனல் இருக்கு. நாம கொஞ்சம் வேற பக்கமா போவோம். அந்தப் பாட்டெல்லாம் எந்த இடத்துல உருவாச்சு? அந்த இடம் யாருக்குச் சொந்தம்? பாட்டு யாருக்குச் சொந்தம்? அங்கே வேலை பார்க்கிறவங்க நிலைமை என்ன? இந்தக் கேள்விகளோட பார்த்தா, அவரோட முப்பது வருஷத்துக்கும் மேலான பயணம் வேற மாதிரி தெரியும்.

வாடகைக்குப் போன கீபோர்டு

1967 ஜனவரி 6-ம் தேதி சென்னையில் பிறந்தவர் ரஹ்மான். அப்போ பேர் திலீப் குமார். அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். மற்ற இசையமைப்பாளர்களுக்கு அரேஞ்சராகவும் நடத்துநராகவும் வேலை பார்த்தவர். 1976-ல் அவர் இறந்தபோது ரஹ்மானுக்கு வயசு ஒன்பது.

வீட்டுல மிச்சம் இருந்தது அப்பாவோட இசைக்கருவிகள்தான். விற்றிருந்தா கையில கொஞ்சம் காசு வந்திருக்கும். அம்மா கரீமா பேகம் விற்கலை. வாடகைக்கு விட்டார். யாருக்காவது ரெக்கார்டிங் இருந்தா கீபோர்டு போகும், சாயங்காலம் திரும்பி வரும், அந்த வாடகையில குடும்பம் ஓடும். பொருளை வெச்சிருக்கிறவனுக்கு வருமானம் நிக்காதுங்கிற பாடம் அந்தப் பையனுக்குப் பத்து வயசுலேயே கிடைச்சிருக்கு. பின்னாடி அவர் எடுத்த பல முடிவுகளுக்கு விதை இங்கேதான் இருக்குன்னு எனக்குத் தோணும்.

கொஞ்ச நாள்ல கீபோர்டோட கூடவே பையனும் ரெக்கார்டிங்குக்குப் போக ஆரம்பிச்சான். மாஸ்டர் தன்ராஜிடம் கத்துக்கிட்டு, இளையராஜா, எம்.எஸ்.விஸ்வநாதன்னு பெரிய ஆட்களுக்கு வாசிச்சான். ஸ்கூல் படிப்பு பாதியில நின்னுபோச்சு. டிரம்ஸ் சிவமணி போன்ற நண்பர்களோட 'ரூட்ஸ்'னு ஒரு பேண்ட். 1987-ல் ஆல்வின் வாட்ச் விளம்பரத்துக்கு ஜிங்கிள். அதுக்கப்புறம் விளம்பரங்கள் வரிசை கட்டின. முப்பது செகண்டுல ஒரு டியூனை மனசுல ஒட்ட வைக்கிற வித்தை அங்கே படிஞ்சதுதான்.

பின்கட்டுல ஒரு ரெக்கார்டிங் ரூம்

1989-ல் கோடம்பாக்கம் வீட்டுக்குப் பின்னாடி 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' தொடங்குறார். பேரைக் கேட்டா பிரமாண்டமா இருக்கும். உண்மையில ஆரம்பத்துல அங்கே இருந்தது ஏ.சி., அலமாரி, தரையில கார்ப்பெட். கருவி வாங்கக் காசு இல்லை. அம்மா நகையை அடகு வைத்த பிறகுதான் முதல் ரெக்கார்டர் வந்ததுன்னு ரஹ்மானே பேட்டியில சொல்லியிருக்கார்.

சொந்த ரூம் இருந்தா அப்படி என்ன வித்தியாசம்னு கேக்கலாம். அன்னைக்கு சினிமாப் பாட்டு எப்படிப் பதிவாச்சுன்னு தெரிஞ்சாதான் இது புரியும். பெரிய ஹால். கால்ஷீட் கணக்குல வாடகை. வயலின்காரர்கள், தபேலா, கிடார், கோரஸ், பாடகர் எல்லாரும் ஒரே நேரத்துல உட்கார்ந்து வாசிக்கணும். ஒருத்தர் தப்பு பண்ணா மொத்தப் பேரும் முதல்ல இருந்து வாசிக்கணும். கடிகாரம் ஓட ஓட தயாரிப்பாளர் காசு கரையும். அந்த முறையில மகத்தான பாட்டுகள் வந்திருக்கு, சந்தேகமே இல்லை. ஆனா "நேத்து போட்டது பிடிக்கலை, இன்னொரு மாதிரி பண்ணிப் பார்ப்போம்"னு சொல்ல அங்கே இடமில்லை.

ரஹ்மான் ரூம்ல அந்தக் கடிகாரம் இல்லை. ராத்திரி முழுக்க வேலை செய்யலாம். புல்லாங்குழல்காரரைத் தனியா கூப்பிட்டு, "உங்க இஷ்டத்துக்கு வாசிங்க"ன்னு சொல்லி எல்லாத்தையும் பதிவு பண்ணி வெச்சுக்கலாம். அதுல அஞ்சு செகண்டை மட்டும் எடுத்துப் பாட்டுல பொருத்தலாம். குரல், தாளம், கீபோர்டுன்னு அடுக்கு அடுக்கா கட்டலாம். பிடிக்கலைன்னா மொத்தத்தையும் தூக்கிப் போடலாம். இன்னைக்கு நீங்க லேப்டாப்புல டிராக் மேல டிராக் போட்டு ஒரு பீட் உருவாக்குறீங்கல்ல? அதே முறைதான். அவர் அதை 90-களின் தொடக்கத்துல, தமிழ் சினிமாவுக்குள்ள கொண்டுவந்தார்.

1992 ஆகஸ்ட் 15-ல் வெளிவந்த ரோஜா இந்த ரூம்ல இருந்து வந்ததுதான். முதல் படத்துக்கே தேசிய விருது. 2005-ல் 'டைம்' பத்திரிகை உலகின் சிறந்த பத்து சினிமா இசைத்தொகுப்புகள்ல ஒண்ணா ரோஜாவைச் சேர்த்தது. பல இயக்குநர்கள் அவருக்காக மாசக்கணக்கா காத்திருந்த கதைகளையும் கேட்டிருப்பீங்க. காத்திருப்பு எரிச்சல்தான். ஆனா அந்தத் தாமதம்கூட சொந்த இடம் இருக்கிற ஒருத்தராலதான் முடியும்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்கிறதால வேகமா கடந்துடுவோம். 1995-ல் பம்பாய் படத்துல பின்னணிப் பாடகராகவும் அறிமுகம். அதே வருஷம் ரங்கீலா மூலமா இந்தி. 1997-ல் சுதந்திரப் பொன்விழாவுக்கு 'வந்தே மாதரம்' ஆல்பம். 2002-ல் லண்டன் மேடையில் 'பாம்பே ட்ரீம்ஸ்'. 2009 பிப்ரவரியில் ஸ்லம்டாக் மில்லியனருக்கு ரெண்டு ஆஸ்கர், 2010-ல் ரெண்டு கிராமி. பொன்னியின் செல்வன் முதல் பாகம் வரைக்கும் ஏழு தேசிய விருதுகள்.

கேசட் அட்டையில இருந்த பெயர்கள்

விருது லிஸ்ட்டைவிட எனக்குப் பெருசா தெரியிறது ஒரு சின்ன விஷயம். 90-கள்ல ரஹ்மான் கேசட் வாங்கினவங்க வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க. உள்ளே மடிச்சு வெச்சிருக்கிற அட்டையில, புல்லாங்குழல் நவீன், சவுண்ட் இன்ஜினீயர் ஹெச்.ஸ்ரீதர்னு பெயர்கள் இருக்கும். அதுக்கு முன்னாடி படப்பாட்டுன்னா இசையமைப்பாளர், கவிஞர், பாடகர், அவ்வளவுதான். வயலின் வாசிச்சவர் பேர் அவர் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ரஹ்மான் அந்த வழக்கத்தை மாத்தினார். 2008 டிசம்பரில் ஸ்ரீதர் மறைந்தபோது, ஒரு சவுண்ட் இன்ஜினீயருக்காக ரசிகர்கள் வருத்தப்பட்டதுக்குக் காரணம் அந்த அட்டைதான்.

இப்போ உங்க போன்ல ஒரு பழைய ரஹ்மான் பாட்டைத் திறந்து, மூணு புள்ளியைத் தட்டி கிரெடிட்ஸ் பாருங்க. பெரும்பாலும் பாடினவர், எழுதினவர், இசையமைச்சவர்... அதோட நிக்கும். கேசட்ல இருந்த பெயர்கள் ஆப்புக்கு வந்து சேரலை.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

2007-ல் ஷாருக்கானின் ஓம் ஷாந்தி ஓம் படத்துக்கு ரஹ்மான்தான் இசையமைக்கிறதா இருந்தது. பாட்டின் பதிப்புரிமையில பங்கு வேணும்னு கேட்டார். ஒத்துவரலை, விலகிட்டார். அந்த வாய்ப்பு விஷால்-சேகருக்குப் போனது. ஷாருக்கான் படத்தையே விட்டுட்டு வர்ற அளவுக்கு இது என்ன பெரிய விஷயம்?

அப்போ இருந்த நிலைமை இப்படி. படத்துக்கு இசையமைச்சா, சம்பளம் வாங்கியதோட கணக்கு முடிஞ்சது. அதுக்கப்புறம் பாட்டு ரேடியோவுல ஓடினாலும், ரிங்டோனா போனாலும் காசு தயாரிப்பாளருக்கோ ஆடியோ கம்பெனிக்கோதான். 1977-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தயாரிப்பாளர் பக்கம்தான் சாஞ்சிருந்தது. ஒருகாலத்துல கோடிப் பேர் பாடின பாட்டை எழுதினவங்க, வயசான காலத்துல கஷ்டப்பட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் இதுக்காகக் குரல் கொடுத்தவர் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். இப்போ உரிமையை எழுதிக் கொடுத்துட்டாலும், தியேட்டர்ல படத்தோட சேர்ந்து ஓடுறது தவிர மற்ற பயன்பாடுகளுக்கு வர்ற ராயல்டியில, எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் சம பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்கிறேன்னு கையெழுத்து போட்டாலும் செல்லாது. சொந்தமா பாட்டு எழுதி, பீட் போட்டு, இன்ஸ்டாவுல ஏத்துற தம்பி தங்கச்சிகளே, இந்த ஒரு பத்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

கனடா கனெக்‌ஷன்

மேற்கத்திய பாப் உலகத்துல இந்தப் பிரச்னையை வேற வழியில சமாளிச்சவங்க உண்டு. டொரன்டோவுல இருந்து வந்த தி வீக்கெண்டை எடுத்துக்கோங்க. பாடகர், பாட்டு எழுதுறவர், தயாரிப்பாளர் மூணும் அவர்தான். 2011-ல் மூணு மிக்ஸ்டேப்பை இன்டர்நெட்ல இலவசமா விட்டு, முதல்ல கேக்கிற கூட்டத்தைச் சேர்த்தார். பெரிய கம்பெனியோட கைகோத்தது அதுக்கப்புறம்தான். நம்ம ஊர்ல அந்த வழி கஷ்டம், ஏன்னா இங்கே பாட்டுக்கு முகவரியே சினிமாதான்.

ரஹ்மானுக்கும் அதே டொரன்டோவோட பழைய உறவு இருக்கு. 2006-ல் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மேடை நாடகம் அங்கேதான் முதல்ல அரங்கேறியது. ஃபின்லாந்துக் குழுவான வார்ட்டினாவோட சேர்ந்து இசையமைத்தார். பக்கத்துல, தமிழர்கள் நிறைய வாழுற மார்க்கம் நகரத்துல 2013-லயும் 2022-லயும் தெருக்களுக்கு அவர் பேர் வெச்சாங்க.

2021-ல் அந்த உறவு இன்னொரு திசையில போனது. சினிமா இல்லாத தமிழ்ப் பாட்டுக்கு ஒரு மேடை வேணும்னு, கனடாத் தமிழர்கள் நடத்திய 'மாஜா' நிறுவனத்துக்கு ரஹ்மான் ஆதரவு கொடுத்தார். அதுல மார்ச் மாசம் வந்ததுதான் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிச்ச 'எஞ்சாயி எஞ்சாமி'. உலகமே ஆடுச்சு. அறிவு, நம்ம திருவள்ளூர் தாண்டினா வர்ற அரக்கோணத்துக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டியின் வாழ்க்கையில இருந்து அந்தப் பாட்டை எழுதினதா சொன்னார்.

ஆனா அப்புறம் நடந்தது சங்கடம். ஒரு பத்திரிகை அட்டையில அறிவு இல்லைன்னு 2021-ல் சர்ச்சை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல அவர் இல்லாம பாட்டு மேடையேறினப்போ, யார் எந்த வேலையைச் செஞ்சாங்கன்னு வெளிப்படையாவே வாக்குவாதம். 2024 மார்ச்சுல சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டு, அந்தப் பாட்டுல இருந்து மூணு பேருக்கும் ஒரு பைசா வரலைன்னு சொன்னார். ரஹ்மானையும் இதுல பாதிக்கப்பட்டவராத்தான் குறிப்பிட்டார். இது அவர் தரப்பு சொன்ன குற்றச்சாட்டு. உரிமைக்காக ஒரு படத்தையே விட்ட மனுஷர் பேர் இருந்தும், அந்தச் சிக்கல் வந்ததுங்கிறதை மட்டும் கவனிங்க. ஹிட் ஆனப்புறம் பேசுறதுக்கு, பாட்டு முடியிறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிருந்தா பாதி சண்டை வந்திருக்காது.

உரிமைப் பேச்சு இப்போ குரல் வரைக்கும் வந்தாச்சு. 2024 ஜனவரியில லால் சலாம் படப் பாட்டுல, மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் ஏ.ஐ. மூலமா கொண்டுவந்தார் ரஹ்மான். கேட்டவங்க சிலருக்குக் கண்ணீர், சிலருக்கு நெருடல். குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, உரிய தொகையும் அனுப்பினதா அவர் சொன்னார். அந்த நெருடல் எனக்கும் உண்டு. ஆனா கேக்காமலே குரலை எடுத்துக்கிற காலத்துல, கேட்டு வாங்கினதையும் சொல்லணும்.

கடைசி ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி

பஞ்சதனுக்கு அடுத்து ஏ.எம். ஸ்டுடியோ. 2008-ல் கே.எம். இசைக் கல்லூரி. அப்புறம் படத் தயாரிப்பு. 2021-ல் வந்த '99 ஸாங்ஸ்' அவர் தயாரிச்சு, கதையிலயும் பங்கெடுத்த படம். 'லே மஸ்க்'ங்கிற மெய்நிகர் படத்தை அவரே இயக்கினார். ஒரு ரூம்ல தொடங்கினவருக்கு இடம் பத்தலை. நகரத்துக்குள்ள பழைய ஸ்டுடியோக்களே மாலாகவும் அப்பார்ட்மென்ட்டாகவும் மாறிக்கிட்டிருந்த நேரம். அவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனார்.

அங்கே உருவானதுதான் ஏ.ஆர். ஃபிலிம் சிட்டி. 'யுஸ்ட்ரீம்'ங்கிற பேர்ல மெய்நிகர் தயாரிப்பு ஸ்டுடியோவும் அங்கே வந்திருக்கு. பெரிய எல்.இ.டி. சுவர்ல காட்சி ஓடும். கேமரா நகர நகர, வீடியோ கேம் மாதிரி சுவர்ல உள்ள மலையும் தெருவும் கோணம் மாறும். நடிகர் முன்னாடி நின்னா, அந்த ஊருக்கே போன மாதிரி படம் வரும்.

தொழில்நுட்பம் இப்படி இருக்க, 2023 ஜனவரியில அதே வளாகத்துல ஒரு லைட்மேன் விளக்கு வேலை பார்க்கும்போது சுமார் 40 அடி உயரத்துல இருந்து விழுந்து இறந்துபோனார். அவருக்கும் ஒரு வீடு இருந்தது, காத்திருந்தவங்க இருந்தாங்க.

இது அங்கே மட்டும் நடந்ததில்லை. 2020 பிப்ரவரியில், இதே மாவட்டத்தின் இன்னொரு மூலையில, பூந்தமல்லி பக்கம் நடந்த இந்தியன் 2 படப்பிடிப்புல கிரேன் சரிஞ்சு மூணு பேர் உயிரிழந்தாங்க. சிப்காட்ல வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும்: ஒழுங்கா நடக்கிற ஃபேக்டரின்னா, உயரத்துல ஏறணும்னா பர்மிட் வேணும், பெல்ட் மாட்டணும், கீழே ஒருத்தர் நிக்கணும். படப்பிடிப்புத் தளம் பத்து நாளைக்குக் கட்டி, பதினோராவது நாள் பிரிக்கிற இடம். அவசரம், ராத்திரி வேலை, மேலே பலகையில நடை. அங்கே இந்த விதியெல்லாம் "பார்த்துக்கலாம்"ங்கிற வார்த்தையில கரைஞ்சு போயிடுது.

2023 மார்ச் தொடக்கத்துல ரஹ்மான் மகன் அமீன் ஒரு பாட்டு ஷூட்டிங்ல இருந்தபோது, மேலே தொங்கின அலங்கார விளக்குக் கட்டமைப்பே கிரேனோட சரிஞ்சு விழுந்தது. சில அங்குல வித்தியாசத்துல தப்பிச்சார். இந்தியப் படப்பிடிப்புகளுக்கு உலகத் தரமான பாதுகாப்பு விதிகள் வேணும்னு அப்போ ரஹ்மான் வெளிப்படையா எழுதினார். அதே மாசம் 19-ம் தேதி, சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கத்துல லைட்மேன்கள் குடும்பங்களுக்கு நிதி திரட்ட 'விங்ஸ் ஆஃப் லவ்' கச்சேரி நடத்தினார்.

கச்சேரின்னதும் இன்னொண்ணும் ஞாபகம் வந்திருக்கும். அதே வருஷம் செப்டம்பர் 10, பனையூர், 'மறக்குமா நெஞ்சம்'. டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாதவங்க, நெரிசல்ல அழுத குழந்தைகள், சீண்டலுக்கு ஆளான பெண்கள். பொறுப்பை ரஹ்மானே ஏத்துக்கிட்டு, பாதிக்கப்பட்டவங்க டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். ஒலியை ஒரு இழை பிசகாம பார்த்துக்கிற ஒருத்தருக்குமே, கூட்டத்தையும் கேட்டையும் அடுத்தவங்க கையில விட்டா இதுதான் நடக்கும்.

2024 ஜனவரியில, பூந்தமல்லி பக்கம் நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும்னு முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார். வடக்கே கும்மிடிப்பூண்டி, தெற்கே பூந்தமல்லின்னு சினிமா வேலை இனி திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே தேடி வரும். எலக்ட்ரீஷியன், வெல்டர், கார்பென்டர், டிரைவர்னு ஆள் தேவைப்படும். ஐ.டி.ஐ. முடிச்ச உங்க நண்பருக்கே போன் வரலாம்.

வந்தா, தினக்கூலி எவ்வளவுன்னு கேக்கிறதோட நிறுத்தச் சொல்லாதீங்க. மேலே ஏறணுமா, பெல்ட் யார் தருவாங்க, இன்ஷூரன்ஸ் இருக்கா, அடிபட்டா எந்த ஆஸ்பத்திரி, வேலைக்கு எடுக்கிறது யார் பேர்ல, ஃபெப்சி சங்க கார்டு வேணுமா? இதையெல்லாம் வாட்ஸ்அப்புலயாவது எழுத்துல வாங்கி வெச்சுக்கிட்டு, அதுக்கப்புறம் லோக்கல் ஏறச் சொல்லுங்க.